ரங்கூன் வகுப்பறையில் ரியாகுநின்

ரங்கூனுக்கு நான் முதன்முதலில் டிக்கெட் எடுத்தது பெருந்தொற்று தொடங்கிய அந்த ஏப்ரல் மாதத்துக்கு. விமானமே பறக்கவில்லை. அடுத்த ஆண்டு போகலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் போன நவம்பரில்தான் கிளம்ப முடிந்தது. "இப்போ எதுக்குய்யா அங்க?" என்று கேட்காத நண்பர் இல்லை. பௌத்தக் கோயிலான பகோடா பார்க்க என்று சிலரிடம் சொன்னேன். பகோடாவையும் பார்த்தேன், பொய்யில்லை. ஆனால் போனது ஒருவரைப் பார்க்க.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: நான் சென்னையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய மேலாளர்கள் சொல்வதைத் தமிழிலும், நம்மவர்கள் சொல்வதைக் கொஞ்சம் மென்மையாக்கி ஜப்பானிய மொழியிலும் சொல்வது என் வேலை. பெருந்தொற்றுக்கு முந்தைய குளிர்காலத்தில் மொழி ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் கியோட்டோ பக்கம் ஒரு பயிற்சி நடந்தது. பல நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். முதல் வாரம் உணவு விடுதியில் வரிசையில் நிற்கிறேன், பின்னால் யாரோ சூடான சூப்பைக் கையில் கொட்டிக்கொண்டு, "ஐயோ, கையி!" என்றார்கள். திரும்பிப் பார்த்தால், பெயர் அட்டையில் 'தந்தா, மியன்மா' என்று இருந்தது.

வீட்டில் சுந்தரி, வெளியில் மா தந்தா. 'மா' என்பது அங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல்; ஆண்களுக்கு 'கோ', வயதான பெண்களுக்கு 'டோ'. பூட்டன் காலத்தில் ரங்கூன் துறைமுக வேலைக்குப் போன குடும்பம். எங்கள் பேச்சு பாதி ஜப்பானிய மொழி, பாதி தமிழ். அவருடைய தமிழில் என் பெரியப்பாக்கள்கூட மறந்துபோன சொற்கள் இருந்தன; சாப்பாடும் துணியும் மட்டும் பர்மியப் பெயரில் வரும்.

நவம்பர் கடைசியில் தொடங்கிய பயிற்சி பிப்ரவரியில் முடிந்தது. வரலாற்று வகுப்பு ஒன்றில், ஜப்பானில் மன்னர் ஆட்சிக் காலங்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தைச் சொன்னார்கள். நமக்குச் சித்திரைக்குச் சித்திரை பெயர் மாறும். அங்கே அரசவை நினைக்கிறபோது மாறும். வால்நட்சத்திரம், பூகம்பம், கொள்ளைநோய் எது வந்தாலும் பெயரை மாற்றிப் பார்ப்பார்கள். அப்படி மாறியவற்றில் மிகக் குறுகியது ரியாகுநின். 1238-இன் குளிர்காலத்தில் தொடங்கி, இரண்டரை மாதத்தில் முடிந்துபோனது. அதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த தந்தா மெல்லிய குரலில், "நம்ம கோர்ஸ் அளவுதான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு இத்தனை வருடங்கள் தொலைபேசிதான். சில நேரம் வாரக்கணக்கில் இணையம் இருக்காது. திரும்ப வரும்போது முதல் கேள்வி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: "சாப்பிட்டீங்களா?"

சரி, பயணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போனேன். போக வர ஏறத்தாழ முப்பத்து நான்காயிரம் ரூபாய். சுற்றுலா மின்விசா ஐம்பது டாலர், இருபத்தெட்டு நாள் தங்கலாம், சில நாளில் வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து நகர மையம் பதினாறு கிலோமீட்டர் இருக்கும். டாக்சிக்காரர் முப்பதாயிரம் கியாத் கேட்டு இருபத்தைந்துக்கு இறங்கினார். நான் போனபோது நூறு ரூபாய்க்குச் சுமார் ஐயாயிரம் கியாத். நடுத்தர வயதுக்காரர், நல்ல ஆங்கிலம். எங்கே போகவேண்டும் என்றதற்கு, பபேடான், இருபத்தெட்டாம் தெரு என்றேன்.

"சொந்தக்காரரா?" என்றார்.

"நண்பர். ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவர்."

"ஓ," என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என் மகளும் படித்தாள். இப்போது ஒசாகாவில், முதியோர் இல்லத்தில். வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறாள். இங்கே என் அம்மாவை நான் குளிப்பாட்டுகிறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பபேடான் தெருக்களில் நடக்கிற தமிழனுக்கு ஊர் மாறிய உணர்வே வராது. பள்ளிவாசல், கோயில், இரும்புக்கடை, சமூசாவைப் பிய்த்துப் போட்டு முட்டைக்கோசும் புளித்தண்ணியும் ஊற்றிப் பிசைந்து தரும் தள்ளுவண்டி. கடைப்பலகையில் தமிழ் எழுத்து ஒன்றிரண்டு. ஆனால் உற்றுப் பார்த்தால் தெரியும், கல்லாவில் இருப்பவர்கள் எல்லாரும் நடுவயதைத் தாண்டியவர்கள். அறை எடுத்த விடுதியின் வரவேற்பிலும் அப்படியே. ஒரு நாளைக்குத் தொண்ணூறாயிரம் கியாத், காலை உணவோடு, சுத்தமான அறை.

தந்தா நடத்தும் வகுப்பு ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. மாடிப்படி செங்குத்தானது, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பினார். இரண்டு கன்னத்திலும் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். இத்தனை வருடம் கழித்துப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று விமானத்தில் இரண்டு மொழியிலும் யோசித்து வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"படி ஏறி வந்தீங்களே, மொதல்ல உக்காருங்க," என்றார். பிறகு வகுப்பைப் பார்த்துப் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். எல்லாரும் எழுந்து ஜப்பானிய முறையில் குனிந்து வணங்கினார்கள். வகுப்பின் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன் என்று பிறகுதான் புரிந்தது.

அன்றைய பாடம் விண்ணப்பத்தில் பிறந்த தேதி எழுதுவது. ஜப்பானிய அலுவலகங்களில் பிறந்த ஆண்டை இன்றும் சகாப்தப் பெயரில்தான் கேட்பார்கள். அந்த வகுப்பில் எல்லாரும் 1989-இல் தொடங்கிய ஹெய்செய் சகாப்தத்தில் பிறந்தவர்கள்; பதிமூன்று, பதினைந்து, பதினேழு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தந்தா சாக்குக்கட்டியை என்னிடம் நீட்டி, "நீங்க ஒரு பேரு சொல்லுங்க, கோ கதிர். நமக்குத் தெரிஞ்சது," என்றார்.

நான் ரியாகுநின் என்று எழுதினேன். முதல் எழுத்துக்கு நாட்காட்டி என்று பொருள், இரண்டாவதுக்குக் கருணை. நல்ல பெயர்தான். வானத்தில் தீய குறி தெரிந்ததால் பழைய பெயரை விட்டு இதை வைத்தார்கள். அரியணையில் இருந்தது ஏழு வயதுப் பிள்ளை. ஆனால் வாய்விட்டுச் சொல்லும்போது அதே ஒலிக்கு வேறு எழுத்தும் போடலாம்: ஆட்களைக் குறைப்பது, மனிதர்களை விட்டுவிடுவது. இந்த உலகத்திலிருந்து மனிதர்கள் விடுபட்டுப் போவார்கள் என்று ஊர் பேசத் தொடங்கியதாம். அதனால் இரண்டரை மாதத்தில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். தூரத்து மலைக்கிராமத்துக்குப் புதுப்பெயர் நடந்து போய்ச் சேர்வதற்குள் அது பழைய பெயராகியிருக்கும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

பின்வரிசையில் உயரமான ஒருவர் கையைத் தூக்கினார். கோ ஸா என்று பெயர், இருபத்தைந்து வயது இருக்கும். பரீட்சைகளில் வகுப்பிலேயே முதல் என்று தந்தா பிறகு சொன்னார். ஆனால் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தால் அந்த வயது ஆண்களுக்கு வெளிநாட்டு வேலைக்குப் போக இப்போது அனுமதி கிடைப்பதில்லை. என்றாலும் தினமும் வருகிறார். அவர் ஜப்பானிய மொழியில் திருத்தமாகக் கேட்டார்: "பெயரை மாற்றியதும் ஆட்கள் குறைவது நின்றதா?"

"இல்லை," என்றேன். "அடுத்த பெயரும் நிற்கவில்லை. வால்நட்சத்திரம், பூகம்பம், வறட்சி. அதையும் மாற்றினார்கள்."

வகுப்பு சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு தானாக அடங்கியது. பெஞ்சுகளில் நிறைய இடம் காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

கோ ஸா விடவில்லை. "அந்த இரண்டரை மாதத்தில் பிறந்தவர்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதுவார்கள்?"

நான் பதில் யோசிப்பதற்குள் தந்தா சொன்னார், முதலில் பர்மிய மொழியில், பிறகு எனக்காகத் தமிழில்: "ரியாகுநின்னுதான் எழுதணும். பேரை எடுத்துட்டா, பொறந்தது இல்லாமப் போயிடுமா?"

கோ ஸா அந்தப் பெயரைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தந்தா வீட்டுக்குப் போனேன். தின்கன்ஜூன், நகர மையத்துக்குக் கிழக்கே. பபேடானிலிருந்து டாக்சிக்குப் பன்னிரண்டாயிரம் கியாத். பேருந்தில் சில நூறு கியாத்தில் போகலாம், ஆனால் எண்கள் பர்மிய எழுத்தில் இருக்கும், முதலில் படித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் இருக்கும் அமைதியான பகுதி. அவர் அம்மாவை அக்கம்பக்கத்தார் டோ ருக்மணி என்று கூப்பிடுகிறார்கள். சோறு, மீன் குழம்பு, கூடவே ஙப்பி. மீனைப் புளிக்கவைத்து அரைத்த துவையல் அது. வாசனைக்குப் பயப்படாமல் ஒரு விரல் தொட்டுப் பாருங்கள், பிறகு விடமாட்டீர்கள்.

தந்தா தண்ணீர் எடுக்கக் கீழே போன நேரத்தில் அம்மா என் பக்கம் குனிந்தார். "தம்பி, ஊரே என்னையத்தான் சொல்லுது, ஆத்தாளுக்காகத்தான் இந்தப் பொண்ணு எங்கயும் போகலன்னு. நா புடிச்சு வைக்கல. நா பொட்டி கட்டி ரெடியாத்தான் இருக்கேன். மெட்ராசுன்னாலும் வரேன், ஜப்பான்னாலும் வரேன். அவதான் அசைய மாட்டேங்கறா. நீ கேட்டுப் பாரு."

"கேக்கத்தான்மா வந்தேன்."

"தெரியும்," என்றார். "நம்ம கணக்குல இந்த வருசம் பேரு என்ன?"

"விசுவாவசு. போன வருசம் குரோதி."

"குரோதியா? கோவக்காரன்னு பேரை வச்சிக்கிட்டு நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். "ஜப்பான்காரன்னா மாத்தியிருப்பான்." வகுப்பில் நடந்ததை மகள் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

அதற்கடுத்த வாரம் ஒரு மாலை, வகுப்பு முடிந்ததும், இருபத்தெட்டாம் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் முக்காலிகள். பால் தூக்கலான தேநீர் ஒன்று இரண்டாயிரம் கியாத். மேசையில் இருக்கும் வெறும் தேநீருக்குக் காசு கிடையாது. நான் சுற்றி வளைக்கவில்லை. சென்னைக்கு வந்துவிடுங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு, பதிவுத் திருமணம் செய்துகொள்வோம் என்றேன். அங்கேயும் ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு வேலை இருக்கிறது என்றேன். ஆறு வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"போறவங்க எல்லாரும் எங்கிட்டதான் சொல்லிட்டுப் போறாங்க," என்றார். "லீவுல திரும்பி வந்து எறங்குனா மொதப் போன் எனக்குத்தான். 'சயாமா, ஊர்லதான் இருக்கீங்களா?'ன்னு. சில பேருக்கு இங்க வீடே இல்ல இப்ப. நேரா மூணாவது மாடிக்கு ஏறி வந்து, பெஞ்சில உக்காந்து அழுதுட்டுப் போவாங்க. நானும் போயிட்டா, கதவை யாரு தொறக்கறது?"

"கோ ஸா மாதிரி ஆளுங்க?"

"ஸாவால போக முடியாது. படிக்கறதை நிறுத்துனா ஒடைஞ்சு போயிடுவான். அவனுக்காகவாச்சும் வாரத்துல ஆறு நாள் பாடம் இருக்கணும்."

"எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு அது எவ்வளவு சின்னக் கேள்வி என்று தோன்றியது. ஆனால் கேட்டதுதானே உண்மை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "உங்கள வேணாம்னு எப்பச் சொன்னேன்? ஒவ்வொரு நாளும் வேணும். நீங்க வாங்க. விசா இருக்கற வரைக்கும் இருங்க. போயி, மறுபடி வாங்க."

"அது வாழ்க்கையா, தந்தா?"

"இந்த ஊருல இப்ப எல்லாருக்கும் அதுதான் வாழ்க்கை," என்றார். "எங்களுக்கு மட்டும் வேற மாதிரி குடுங்கன்னு யார்கிட்ட கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை; யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். மறுநாள் மாலை ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனேன். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. செருப்பைக் கழற்றி, முழங்கால் மறையும் உடையோடு போகவேண்டும். பொன் கோபுரத்தில் வெயில் இறங்குவதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. அங்கே அவரவர் பிறந்த கிழமைக்கு ஒரு மூலை உண்டு. அங்குள்ள சிலைக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். நான் என் கிழமைக்குப் போகாமல் அவர் பிறந்த செவ்வாய்க்கிழமை மூலையில் நின்று தண்ணீர் ஊற்றினேன். என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. வரட்டும் என்று வேண்டினால் கோ ஸாவின் பெஞ்சு நினைவுக்கு வந்தது. இருக்கட்டும் என்று வேண்ட மனம் வரவில்லை. வெறுமனே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மீதி நாட்கள் நன்றாகவே போயின. காலையில் மொஹிங்கா என்னும் மீன் நூடுல்ஸ் சூப், பகலில் வகுப்பின் ஒரு மூலையில் உட்கார்ந்து பேச்சுப் பயிற்சி கொடுப்பது, மாலையில் அவரோடு பேருந்து நிறுத்தம்வரை நடை. கைகோக்கவில்லை. ஒரே குடைக்குள் ஒருநாள் நடந்தோம், நவம்பரில் வந்த திடீர் மழைக்கு நன்றி. திருமணமானவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தந்தா ஓர் உதவி கேட்டார். ஜூலையில் நடந்த ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறிய இரண்டு பெண்கள் ஒசாகாவுக்குப் போகிறார்கள். பாங்காக்வரை என் விமானம்தான். இருவரும் விமானத்தையே பார்த்ததில்லை. "பாங்காக்ல கேட் மாறுறதுக்கு மட்டும் கூட இருங்க. அதுக்கப்புறம் அவங்களே போயிடுவாங்க."

ஒருத்தி மா ஏ, மாவ்பியிலிருந்து. அப்பா அம்மா சந்தையில் காய்கறி விற்பவர்கள். இன்னொருத்தி ஆயிஷா, பபேடான் பெண், தமிழ் புரியும், பேச வெட்கம். விமான நிலையத்தில் மா ஏயின் மொத்தக் குடும்பமும் ஒரு சிற்றுந்தில் வந்திறங்கியிருந்தது. ஆயிஷாவின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கேட்டு வரைக்கும் பாத்து விட்டுருங்க," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தந்தா இரண்டு பெண்களின் துப்பட்டாவையும் சால்வையையும் சரிசெய்து, கடவுச்சீட்டு எந்தப் பையில் என்று கேட்டு, ஆசிரியர் முகத்தோடு நின்றார். என்னிடம் அதே முகத்தோடு திரும்பி, "உங்க பாஸ்போர்ட்டு?" என்றார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். தலையசைத்தார். அப்போதுதான் அந்த முகம் உடைந்தது. ஒரு கணம்தான். வரிசை நகர்ந்துவிட்டது.

கடைசிப் பகுதிக்கு முன், போக நினைப்பவர்களுக்கு நான் கற்ற சில. டாலர் நோட்டு மடிப்பும் கறையும் இல்லாமல் கொண்டுபோங்கள். கொஞ்சம் கசங்கியிருந்தாலும் வாங்கமாட்டார்கள். நம்மூர் வங்கி அட்டையை நம்பவேண்டாம். மின்சாரம் நேரம் பார்த்துத்தான் வரும், கைப்பேசிக்குக் கூடுதல் மின்கலம் அவசியம். நகரத்துக்கு வெளியே போகுமுன் அன்றைய நிலவரத்தை உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். இந்திய அரசின் பயண அறிவுரையையும் படியுங்கள். அரசியல் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். கேட்பவருக்கு ஆபத்தில்லை, சொல்பவருக்குத்தான். நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். தமிழ் தெரிந்தவர்கள் பபேடானில் கிடைப்பார்கள், ஆனால் இளையவர்கள் பர்மிய மொழியில்தான் பதில் சொல்வார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காதில் வாங்கிக்கொள்கிறார்கள், அது போதும்.

முக்கியமாக, அந்த ஊரைக் காட்சிப்பொருளாக எண்ணிப் போகாதீர்கள். யாரையாவது பார்க்கப் போங்கள். யாரும் இல்லையென்றால் தேநீர்க் கடையில் அதிக நேரம் உட்காருங்கள், யாராவது கிடைப்பார்கள். நான் ஜனவரிக்கு மறுபடி விசா போட்டுவிட்டேன்.

பாங்காக்கில் ஒசாகா விமானத்தின் வாசலைக் கண்டுபிடித்து இருவரையும் உட்காரவைத்தேன். மா ஏ தந்தாவைக் காணொளியில் அழைத்து, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானத்தைக் காட்டினாள். அழைப்பு வந்ததும் இருவரும் எனக்குக் குனிந்து வணங்கினார்கள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசாத ஆயிஷா, "போயிட்டு வரேன், அண்ணே," என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள்.

என் கைப்பேசியில் தந்தாவை அழைத்தேன். வீட்டில் இருந்தார்.

"ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க. ஆயிஷா தமிழ் பேசுனா."

"நெசமாவா?" என்று சிரித்தார். பிறகு, "உங்க ப்ளேன் எப்ப?" என்றார்.

"இன்னும் நேரம் இருக்கு."

"அப்ப போனை வைக்காதீங்க," என்றார். "பேசணும்னு இல்ல. சும்மா வைக்காம இருங்க."

கைப்பேசியை எதிலோ சாய்த்துவைத்துவிட்டு அவர் பூண்டு உரிக்க உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்தது அவர் தோளும், சுவரின் ஒரு பகுதியும்தான். உள்ளே அவர் அம்மா யாரிடமோ பர்மிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணோரம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை விமானத்துக்கு என் வரிசையை அழைத்தார்கள். அடுத்த வரிசையையும் அழைத்தார்கள். நான் கடைசி ஆளாக ஏறினேன்.